ஒரே விரலுக்குத் திறந்த கதவு

அத்தியாயம் 4

ரேணுகா அந்தக் கதவைத் தள்ளக்கூட இல்லை. ஆள்காட்டி விரலை வைத்தார். அது சத்தமில்லாமல் திறந்துகொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

“இதுதானே பிடிச்சுக்கிற கதவுன்னு சொன்னே?”

பிரிசில்லா தலையாட்டினாள். இதுதான். பூஞ்சேரியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். கடல் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் படுக்கையறைக் கதவு ஊதிப்போய் நிலையோடு பிடித்துக்கொள்ளும். திறக்கத் தோளால் முட்ட வேண்டும், மூடக் காலால் உதைக்க வேண்டும். கணவன் ஜெபக்குமார் போய் நாற்பத்துமூன்று நாள் ஆகிறது. அத்தனை நாளும் அதே கதவு வழியாகத்தான் அவள் போய் வந்துகொண்டிருந்தாள். அது எப்போது பிடிப்பதை நிறுத்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த நாட்களில் அவள் எதையுமே கவனித்திருக்கவில்லை. டீ சுட்டால்கூடக் கொஞ்சம் கழித்துத்தான் நாக்குக்குத் தெரிந்தது.

“மழை விட்டுடுச்சு இல்ல மேடம். காஞ்சிருக்கும்” என்றாள்.

“என் வூட்டுக்காரி தெனம் ஏரிக்கரைல நடக்கறா, இன்னும் எளைக்கல” என்றான் எல்லப்பன். “இந்தக் கதவு எங்க நடந்துச்சாம்?”

யாரும் சிரிக்கவில்லை. எல்லப்பன் அதை எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. அவன் செங்கல்பட்டில் பதினாறு வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இப்போது ரேணுகாவிடம் உதவியாள். ஆட்டோவும் அவனோடு சேர்ந்து வேலைக்கு வந்துவிட்டது. ரேணுகா ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதில் அதை விட்டுவிட்டு, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தார்.

அவரை வரவழைத்தது பிரிசில்லா அல்ல. அவள் மாமியார் பொன்னி. அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அந்த மாடிப்படி ஏறி, என் பிள்ளை தானாகச் சாகிற ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மருமகளிடம் அவள் பேசி நாற்பத்துமூன்று நாள் ஆகிறது.

நடந்தது இவ்வளவுதான். ஜெபக்குமார் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை. பிரிசில்லா கோபித்துக்கொண்டு கூடுவாஞ்சேரியில் இருக்கும் அண்ணன் ஜோஷ்வா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் ஜெபக்குமாருக்கு விடுமுறை. காலை பத்து நாற்பதுக்கு அவனிடமிருந்து அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘இனிமே உனக்கு அந்தத் தொல்லை இருக்காது. நிம்மதியா இரு.’ அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வேலைக்குப் போயிருந்த அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் நேரே போய்ப் பார்ப்பதாகச் சொன்னான். மதியம் ஒரு மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது. படுக்கையறை உள்பக்கம் தாழ் போட்டிருந்தது, உடைத்துத் திறந்தோம், பிளக் பாயின்ட்டுக்குக் கீழே கிடந்தார்.

கரண்ட் அடித்து இறந்தான் என்று பிரேதப் பரிசோதனையில் வந்தது. காவல் நிலையத்தில் சந்தேக மரணம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் சந்தேகப்படவில்லை. சண்டை, செய்தி, தாழ்ப்பாள், மூன்றையும் கோத்துக்கொண்டார்கள். சபையில் அவளுக்கு முன்னால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் கோத்திருந்தாள். தான் பேசிய பேச்சில் ஒருவன் செத்துப்போனான் என்பது அவளுக்குத் தெரியும். அதை நினைத்தால் ஏதாவது வர வேண்டும். அழுகையோ பயமோ எதுவும் வரவில்லை. ரிசார்ட்டில் வரவேற்பு வேலைக்குப் போய் வந்தாள், சாப்பிட்டாள், குளித்தாள்.

“சண்டை எதுக்கு?” என்று ரேணுகா கேட்டதற்கு, சின்ன விஷயம் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. கதவின் விளிம்பைக் காட்டி, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார்.

பிரிசில்லா தடவினாள். கதவு முழுக்கப் பச்சை பெயின்ட். ஆனால் நிலையைத் தொடும் அந்த ஓரத்தில் மட்டும் பெயின்ட் இல்லை. மேல் மூலையிலிருந்து கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே வரைக்கும் மரம் வெளுத்துத் தெரிந்தது. குறுக்கே மெல்லிய அலை அலையாக வரிகள். அந்த இடம் முடிகிற இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குக் கீழே பழையபடி பெயின்ட்.

“காஞ்சா சுருங்கும். பெயின்ட்டு காணாமப் போவாது” என்றார் ரேணுகா. “இழைச்சிருக்காங்க. கையால தள்ற இழைப்புளி இல்ல, அதுல இந்த வரி வராது. மெஷின். வேலை பாதியில நின்னிருக்கு. நிக்கறப்போ மெஷின் கடிச்சிருக்கு.”

எல்லப்பன் அதற்குள் நாற்காலி போட்டு பீரோ மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் எதையோ கூட்டி எடுத்துக்கொண்டு இறங்கினான். பொடிப்பொடியான மரச்சீவல். சிலதில் பச்சை பெயின்ட் ஒட்டியிருந்தது.

“கூட்டுனவன் தரையக் கூட்டிக்கீறான். பீரோ மேல கூட்டத் தோணல. எங்க வூட்லயும் அதே பழக்கந்தான்.”

அவள் வீட்டில் இப்படி ஒரு மெஷின் இருந்ததில்லை. அவள் கிளம்புவதற்கு முன்னால் கதவு இழைக்கப்படவும் இல்லை, கிளம்பிய அன்றுகூட அது பிடித்தது. அப்படியென்றால் அவள் இல்லாத அந்த மூன்று நாளில்தான் வேலை நடந்திருக்க வேண்டும். ரேணுகா இதையெல்லாம் அவளிடமே கேட்டுக் கேட்டு, அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். பிறகு ஒன்று சொன்னார்.

“கதவு மூடியிருந்தா அதோட விளிம்பை யாராலும் இழைக்க முடியாது. தெறந்து வெச்சுத்தான் இழைக்கணும்.”

“இழைச்சு முடிச்சப்புறம் மூடியிருக்கலாம்” என்றாள் பிரிசில்லா. தனக்காகத்தான் பேசுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. யாரோ வழி கேட்டால் சொல்வது போல இருந்தது குரல்.

“இருக்கலாம். அப்ப மெஷின் எங்க?”

“தாழ்ப்பா போட்ட ரூமுலேர்ந்து காலாற நடந்து போயிருக்கு” என்றான் எல்லப்பன். “போறப்ப சுருளெல்லாம் கூட்டி வாரிக்கினு போயிருக்கு. இப்டி ஒரு மெஷின் கெடச்சா நம்ம ஆபீஸுக்கு ஒண்ணு வாங்கலாம் மேடம்.”

அந்தச் சத்தம் ஏன் யாருக்கும் கேட்கவில்லை என்று பிரிசில்லா கேட்டாள். ரேணுகா ஜன்னலைத் திறந்துவிட்டார். தெருக்கோடியில் சிற்பக் கூடங்கள் இருந்தன. கல் அறுக்கும் மெஷின்கள் நான்கைந்து ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை கத்தும். இரண்டு வருடமாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து, அது கேட்காமலே போயிருந்தது அவளுக்கு.

பிறகு ரேணுகா தாழ்ப்பாள் இருந்த இடத்துக்கு முன்னால் குனிந்தார். உடைந்த தாழ்ப்பாள் ஜன்னல் மேடையில் கிடந்தது. கதவில் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள். ஒரு தீக்குச்சியை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக விட்டுப் பார்த்தார். தாழ்ப்பாளையும் ஸ்க்ரூக்களையும் பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கு என்று பிரிசில்லா கேட்கவில்லை.

“கூட்றப்போ ஏதாச்சும் கெடச்சுதா சிஸ்டர்? ஆணி, ஸ்க்ரூ, எதுனா?” என்று எல்லப்பன் கேட்டபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கட்டிலுக்கடியில் ஒரு இரும்புச் சாவி கிடைத்தது. சைக்கிளுக்கு உள்ளது என்று நினைத்து அடுப்படி டிராயரில் போட்டு வைத்திருந்தாள். போய் எடுத்து வந்தாள். விரல் நீளத்தில், T மாதிரி தலையோடு இருந்தது. தண்டில் மஞ்சள் டேப் சுற்றி, அதன் மேல் பேனாவால் 17 என்று எழுதியிருந்தது.

ரேணுகா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது மெஷினில் பிளேடு மாற்றுகிற சாவி என்றார். சொந்தச் சாமானுக்கு யாரும் நம்பர் எழுத மாட்டார்கள் என்றார்.

பிரிசில்லாவுக்குத் தெரிந்த தச்சர் ஒருவர்தான். ரமேஷ். ரிசார்ட்டுகளுக்குக் கதவு ஜன்னல் செய்து கொடுப்பவர், மாமல்லபுரம் போகிற வழியில் பட்டறை. ஜெபக்குமார் இந்தக் கதவுக்காக அவரைப் பல தடவை கூப்பிட்டிருந்தான். அவர் ஒருமுறைகூட வந்ததில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அன்றைக்கு வந்திருப்பாரோ. வந்து, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மெஷினோடு போயிருப்பார். அதற்குப் பிறகு ஜெபக்குமார் கூட்டிவிட்டுத் தாழ் போட்டிருப்பான். எல்லாம் பொருந்துகிறது என்று சொன்னாள்.

“போய்க் கேட்டுடலாம்” என்றார் ரேணுகா.

ரமேஷ் ஒரு தேக்குப் பலகையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். பிரிசில்லாவைக் கண்டதும் முகம் மாறியது. துக்கத்துக்குக்கூட வர முடியவில்லை என்றார். கதவு வேலைக்கு வந்தீர்களா என்றதற்கு, இல்லை என்று பளிச்சென்று சொன்னார். அந்த மாதம் முழுக்கக் கோவளத்தில் ஒரு ரிசார்ட்டில் இருந்தாராம். ஆட்களும் அங்கேதான் இருந்தார்களாம்.

ரேணுகா தன் போனில் எடுத்திருந்த கதவின் படங்களைக் காட்டினார். ரமேஷ் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இழைச்சவன் ஆசாரி இல்லமா. கை நடுங்கியிருக்கு பாருங்க, மேடு பள்ளமா கீது.” பிறகு இன்னொரு படத்துக்குப் போனார். கீல் இருக்கும் பக்கம். அதையும் பெரிதாக்கினார். “இழைச்சிருக்கவே வேணாம். மேல் கீலு லூஸாகி கதவு தொங்கிக்கினு கீது. அதான் அந்த மூலைல இடிச்சிருக்கு. ரெண்டு ஸ்க்ரூ முறுக்கியிருந்தா போதும். அஞ்சு நிமிசம்.”

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியவர் போல பிரிசில்லாவைப் பார்த்தார். அவள் அந்தத் தேக்குப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் என்ற வார்த்தை காதில் விழுந்தது. உள்ளே எங்கும் போய்ச் சேரவில்லை.

சாவியைப் பார்த்ததும் ரமேஷுக்கு அடையாளம் தெரிந்தது. செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் ராஜேந்திரன் என்று ஒருவர் மெஷின் சாமான்களை நாள் வாடகைக்கு விடுகிறார். எல்லாச் சாமானுக்கும் மஞ்சள் டேப், எல்லாவற்றுக்கும் நம்பர்.

திருக்கழுக்குன்றம் வழியாக ஆட்டோ ஓடியது. எல்லப்பன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். வேதகிரி மலையைத் தாண்டும்போது, சாமி பார்க்க இத்தனை படி ஏறுகிற ஜனம் இரண்டு ஸ்க்ரூவுக்கு ஏணி ஏறாது என்றான். ரேணுகா பின்னாலிருந்து அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

ராஜேந்திரன் கடையில் துளை போடும் மெஷின், கான்கிரீட் கலக்கும் மெஷின் எல்லாம் மஞ்சள் டேப்போடு வரிசையாக இருந்தன. சாவியைப் பார்த்ததும் அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒன்றரை மாதமாக இந்தச் சாவி இல்லாமல் பதினேழாம் நம்பர் சும்மா கிடக்கிறதாம். உள்ளே போய் அந்த மெஷினையே தூக்கி வந்தார். பழைய காலத்து மெஷின், இரும்பு உடம்பு.

“வாடகைக்குப் போச்சு, அன்னிக்கே பன்னெண்டு மணிக்குத் திரும்பி வந்துடுச்சு. சாவி இல்ல. வயரையும் நடுவுல வெட்டி ஒட்டுப் போட்டிருந்தான் அந்த ஆளு. நீளம் பத்தலயாம். என் வயர்ல மூணு கம்பி. அவன் சேத்தது ரெண்டு கம்பி. எர்த்த விட்டுட்டான். நான் போன்ல புடிச்சுத் திட்டலாம்னு பாத்தேன், எடுக்கவே இல்ல.”

ரேணுகா தேதியைக் கேட்டார். ராஜேந்திரன் சொன்னார். அது ஜெபக்குமார் இறந்த நாள்.

“பன்னெண்டு மணின்னு எப்படி ஞாபகம்?”

“நான் கடையச் சாத்திட்டு சாப்புடப் போற நேரம். ஆளு பேயறைஞ்ச மாதிரி நின்னுகினு இருந்தான்.”

பத்து நாற்பதுக்கு ஜெபக்குமாரிடமிருந்து செய்தி. பன்னிரண்டுக்கு மெஷின் செங்கல்பட்டில். இடையில் முப்பது கிலோமீட்டர். பிரிசில்லா மனதுக்குள் அந்த நேரங்களை அடுக்கினாள். அடுக்க முடிந்தது. அந்தச் செய்தியை ஜெபக்குமார் அனுப்பும்போது இன்னொரு ஆள் அந்த வீட்டில் இருந்திருக்கிறான். அது வரைக்கும் புரிந்தது.

வாடகைக்கு எடுப்பவர்களின் டிரைவிங் லைசென்ஸை ராஜேந்திரன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். தேதியைத் தேடிப் பின்னால் போய், ஒரு படத்தில் நிறுத்தி, போனை ரேணுகாவிடம் நீட்டினார். ரேணுகா அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. போனை பிரிசில்லா பக்கம் திருப்பினார்.

படத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையை அவள்தான் ஒரு கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள்.

“தெரிஞ்ச ஆளாமா?” என்றார் ராஜேந்திரன்.

“எங்க அண்ணன்” என்றாள்.

ஆட்டோ கொளவாய் ஏரியை ஒட்டி நின்றது. எல்லப்பன் தானாகவே ஓரம் கட்டியிருந்தான். மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தான், கிண்டல் எதுவும் இல்லாமல். ரேணுகா பையிலிருந்து அந்தத் தாழ்ப்பாளை எடுத்து மடியில் வைத்தார். வெளியிலிருந்து முட்டி உடைத்திருந்தால் ஸ்க்ரூக்கள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும் என்றார். ஓட்டைகள் நான்கும் வட்டம் கெடாமல் இருந்தன. திருப்புளி வைத்து நிதானமாகக் கழற்றி, அப்புறம் சுத்தியால் வளைத்திருக்கிறார்கள். உடைத்ததாகச் சொன்னது ஜோஷ்வா. பக்கத்து வீட்டு முனியம்மா வந்து பார்த்தபோது கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்ததாம்.

“காலையிலயே உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

“சந்தேகம் இருந்துச்சு. சந்தேகத்தை வெச்சு ஒருத்தர்கிட்ட அவங்க அண்ணனைப் பத்திப் பேச முடியாது.” ரேணுகா டீயைக் கீழே வைத்தார். “ஒண்ணு கேக்கறேன். சண்டை எதுக்குன்னு கேட்டேன், சின்ன விஷயம்னே. எதுக்கு?”

பிரிசில்லா ஏரியைப் பார்த்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணி ஷாரோனைத் தவிர. சொல்ல வெட்கமாக இருந்தது. ஜெபக்குமார் காலை ஷிப்டுக்குப் போனபிறகு ஒருநாள் அந்தக் கதவு அவளை உள்ளே வைத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் தட்டியிருக்கிறாள். கல் அறுக்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் முனியம்மா பால் வாங்கப் போகும்போது கேட்டு வந்து தள்ளித் திறந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஜெபக்குமார் வந்ததும் ஆரம்பித்தாள். ஒரு கதவைச் சரிபண்ணத் துப்பில்லாத ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கேட்டாள். இன்னும் நிறையக் கேட்டாள்.

“கதவுக்குத்தான்” என்றாள்.

ரேணுகா அவள் போனை வாங்கி அந்தச் செய்தியைத் திறந்தார். மெதுவாக, ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார்.

“அந்தத் தொல்லைன்னு எழுதியிருக்காரு. எந்தத் தொல்லை? ஒரு தொல்லையைப் பத்தித்தானே நீ அவரோட சண்டை போட்டே. இது சாவப் போறவன் எழுதினது இல்லம்மா. கதவைச் சரி பண்ணிட்டவன் பொண்டாட்டிக்கு எழுதினது.”

பிரிசில்லா போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஆயிரம் தடவை பார்த்த வரி. எழுத்துகள் அதே இடத்தில்தான் இருந்தன. டீ ஆறி ஏடு கட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தாள். வீட்டுக்கு வா என்றாள். எதற்கு என்று கேட்டான். வா என்றாள்.

அவர்கள் பூஞ்சேரி போய்ச் சேர்ந்து கால் மணி நேரத்தில் ஜோஷ்வா வந்துவிட்டான். ஏசி மெக்கானிக் பையைத் தோளில் மாட்டியிருந்தான். நாற்பத்துமூன்று நாளில் தங்கையைப் பார்க்க வராத நாள் அவனுக்கு இல்லை. வரும்போதெல்லாம் ஏதாவது வாங்கி வருவான். இன்றும் கையில் பொட்டலம் இருந்தது. மேஜை மேல் மஞ்சள் டேப் சுற்றிய சாவியைப் பார்த்தான். ராஜேந்திரனிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார் ரேணுகா. ஜோஷ்வா பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தான்.

யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவனே சொன்னான். கதவுச் சண்டையை ஷாரோன் மூலமாகக் கேள்விப்பட்டு, அவன்தான் ஜெபக்குமாருக்குப் போன் செய்திருக்கிறான். நாமே சரி பண்ணி வைத்துவிடலாம், அவள் வந்து பார்க்கட்டும் என்று. காலையில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மெஷினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வயர் நீளம் பத்தவில்லை. ஏசிக்கு வைத்திருந்த வயரை வெட்டிச் சேர்த்தான். இரண்டு கம்பிதான் இருந்தது. பத்து நிமிட வேலைதானே என்று எர்த்துக்கு உள்ள பச்சைக் கம்பியை விட்டுவிட்டான். ராத்திரி பெய்த மழை ஜன்னல் வழியாக இறங்கித் தரை ஈரமாக இருந்தது. ஜெபக்குமார் கையில் மெஷினோடு, செருப்பில்லாமல் நின்றான்.

“மேல இழைச்சதும் கதவு மூடிக்கிச்சு. அவருக்கு ஒரே சந்தோசம். உனக்கு மெசேஜ் போட்டாரு. அப்புறம் கைப்பிடிகிட்ட இன்னும் கொஞ்சம் எடுத்துடலாம், அடுத்த மழைக்கும் தாங்கும்னாரு.” அவன் கதவைப் பார்க்கவில்லை. “நான் சுவிட்ச அணைக்கறதுக்குள்ள விழுந்துட்டாரு. நெஞ்ச அமுக்கிப் பாத்தேன். அவரு போன் அடிச்சுது. உன் பேரு. அது நின்னதும் என் போன் அடிச்சுது.”

அடுத்த மாதம் அவனுக்கு குவைத் விசா. அதற்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டும். வயரை வெட்டி ஒட்டியது அவன், மெஷின் எடுத்தது அவன் பெயரில். கேஸ் ஆகிவிடும் என்று ஒன்றே ஒன்றுதான் அப்போது தோன்றியதாம். சீவலைக் கூட்டினான். தாழ்ப்பாளைக் கழற்றினான். மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, கதவைத் தட்டிச் சத்தம் போட்டான். தற்கொலை என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

“நான் அப்படிச் சொல்லல பாப்பா.”

“இல்லன்னும் நீ சொல்லல” என்றாள் பிரிசில்லா.

அவன் அழுதான். அவள் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

“நீ மெஷின எடுத்துகினு கெளம்புனப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?”

வெளியே கல் அறுக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு அது இப்போது நன்றாகக் கேட்டது, ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக.

“தெரியல பாப்பா” என்றான் ஜோஷ்வா. “இல்லன்னுதான் நெனச்சேன். எனக்குத் தெரியல.”

ரேணுகா எழுந்துகொண்டார். நான் போலீஸ் இல்லை, பொன்னியம்மாவிடம் உண்மையைச் சொல்வதோடு என் வேலை முடிந்தது, மற்றதை நீதான் முடிவு செய்ய வேண்டும் என்று பிரிசில்லாவிடம் சொன்னார். ஜோஷ்வா தங்கையின் முகத்தைப் பார்த்தான். விசா வரும் வரைக்கும் பொறு என்று அவன் கேட்கக்கூடும் என்று அவள் நினைத்தாள். அவன் கேட்கவில்லை. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, “எந்திரி, போலாம்” என்றாள்.

காவல் நிலையத்தில் ரைட்டர் வயதானவர், கண்ணாடி போட்டவர். ரேணுகா சாவி, தாழ்ப்பாள் விவரங்களை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். வெளியே வராந்தா பெஞ்சில் ஜோஷ்வாவும் அவன் பக்கத்தில் எல்லப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லப்பன் அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தான்.

ரைட்டர் கேட்கக் கேட்க பிரிசில்லா சொன்னாள். பெயர், வயது, விலாசம், கணவர் பெயர். காலம் சென்ற என்று அவரே சேர்த்து எழுதிக்கொண்டார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவள் கதவிலிருந்து ஆரம்பித்து, ஒன்றும் விடாமல், குரல் உயராமல் சொன்னாள். அண்ணன் என்ற வார்த்தை மட்டும் வரவில்லை, ஜோஷ்வா என்றே சொன்னாள். அவர் மூன்று பக்கம் எழுதினார். நடுவில் ஒரு தடவை மட்டும் பேனாவை நிறுத்தி, கொஞ்சம் மெதுவாகச் சொல்லும்மா என்றார்.

கடைசியில் புகார் யார் மேல் என்று கேட்டார்.

“ஜோஷ்வா.”

“தகப்பனார் பேரு?”

“ஆபிரகாம்.”

எழுதினார். எழுதிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். யோசிக்காமல் சொல்லிவிட்டாளே, வெளியே இருக்கிறவனையே கேட்டு எழுதிக்கொள்ளலாமா என்ற சந்தேகம் அவருக்கு.

“அவரோட அப்பா பேரு உனக்குக் கரெக்டாத் தெரியுமாமா?”

“தெரியும்” என்றாள் பிரிசில்லா. “எனக்கும் அவருதான் அப்பா.”

ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். மேஜை மேல் ஏதோ சொட்டியது. தாளில்தான் விழுந்தது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில். மேலே கூரை ஒழுகுகிறதோ என்று பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். ஒழுகவில்லை. ரைட்டர் அந்தத் தாளை மெதுவாக இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவருகே நின்று, யாரையும் கொஞ்ச நேரத்துக்கு உள்ளே விட வேண்டாம் என்று வெளியே பார்த்துச் சொன்னார்.